ரோஸ்வால் கையெழுத்துப் போட்டது சரியா? 1950களின் ஆஸ்திரேலிய டென்னிஸ் வீரருக்கு முன்னால் இருந்த நான்கு வழிகள்

1956 டிசம்பர் கடைசி வாரம். அடிலெய்டில் நடந்த, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா அமெரிக்காவை 5–0 என்று வென்றது. அந்த அணியின் இரண்டு தூண்கள் கென் ரோஸ்வாலும் லூ ஹோடும். இருவருக்கும் வயது 22. இருவரும் சிட்னிக்காரர்கள், பிறந்த தேதியில் வெறும் மூன்று வார வித்தியாசம். பதினெட்டு, பத்தொன்பது வயதிலிருந்தே ஆஸ்திரேலியா முழுக்க இவர்களை இரட்டையர் மாதிரி சேர்த்தே பேசியது.

அந்த வாரம் முடிவதற்குள் இருவரின் பாதையும் பிரிந்தது. அமெரிக்க ஏற்பாட்டாளர் ஜாக் கிரேமர் நீட்டிய, பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஒப்பந்தத்தில் ரோஸ்வால் கையெழுத்துப் போட்டார். கூடவே வரச்சொல்லி ஹோடிடம் கேட்டுப் பார்த்தார். ஹோட் மறுத்துவிட்டார். கையெழுத்து போட்ட நிமிடத்திலிருந்து ரோஸ்வாலுக்கு விம்பிள்டன் கிடையாது, பாரிஸின் ரோலண்ட் காரோஸில் நடக்கும் பிரெஞ்சுப் பட்டம் கிடையாது, அமெரிக்கப் பட்டம் கிடையாது, சொந்த நாட்டுப் பட்டமும் டேவிஸ் கோப்பையும்கூடக் கிடையாது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஹோடைத் தோற்கடித்து அமெரிக்கப் பட்டத்தை வென்றிருந்தார். அந்த வருடம் மற்ற மூன்று பெரிய பட்டங்களையும் ஹோட் எடுத்திருந்தார். ரோஸ்வால் குறுக்கே நிற்காவிட்டால் ஹோடுக்கு நான்கும் கிடைத்திருக்கும். உலகத்தின் முதல் இரண்டு அமெச்சூர் வீரர்களில் ஒருவர், உச்சத்தில் இருக்கும்போது, தானாக வெளியே நடந்தார்.

இது சரியான முடிவா என்று இன்றைய பட்டியலை வைத்துப் பார்த்தால் தவறு என்றுதான் தோன்றும். ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் (மேலே சொன்ன நான்கு பெரிய பட்டங்கள்): ராய் எமர்சன் 12, ராட் லேவர் 11, ரோஸ்வால் 8, ஹோட் 4. அமெச்சூராகவே நீண்ட நாள் தங்கியவர் மேலே இருக்கிறார், சீக்கிரம் போனவர்கள் கீழே இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியல் அந்தக் காலத்தின் பாதி டென்னிஸை மட்டும்தான் எண்ணுகிறது. மீதிப் பாதியையும் சேர்த்து எடை போட்டால் என் தீர்ப்பு வேறு: ரோஸ்வால் போட்ட கையெழுத்து சரி. அதே கையெழுத்தை எல்லோரும் போட்டிருக்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

முதலில் அன்றைய ஏற்பாடு. பெரிய போட்டிகள் எல்லாம் அமெச்சூர்களுக்கு மட்டும். அமெச்சூர் பரிசுப் பணம் வாங்கக் கூடாது, பயணச் செலவு வாங்கலாம். அந்தச் செலவுக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக எழுதிக் கொடுப்பது எல்லா நாட்டிலும் நடந்தது, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்லேசஞ்சர், டன்லப் போன்ற விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் வீரர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தன. பெயருக்கு வேலை, நாள் முழுக்க டென்னிஸ். குடும்பம் இல்லாத இருபது வயதுப் பையனுக்கு அது போதும். கல்யாணமாகி வீடு வாங்க நினைப்பவருக்குப் போதாது. ரோஸ்வாலுக்கு அந்த அக்டோபரில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பா சிட்னியின் ராக்டேல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மகனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். இடது கைப் பழக்கம் உள்ள மகனை வலது கையால் ஆட வைத்தார். அந்த வலது கை பேக்ஹேண்ட்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. பெரிய சொத்துள்ள குடும்பம் இல்லை.

அன்றைய டேவிஸ் கோப்பை முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்திரேலியச் சங்கம் ஏன் தன் வீரர்களை அப்படிப் பிடித்து வைத்தது என்பது புரியாது. போன வருடம் வென்ற நாடு மறு வருடம் எந்தச் சுற்றும் ஆட வேண்டாம். மற்ற நாடுகள் மோதி, மிஞ்சி வரும் ஒரே அணியைத் தன் ஊரில், தன் மைதானத்தில் சந்தித்தால் போதும். 1950 முதல் 1967 வரை ஆஸ்திரேலியா 15 முறை கோப்பையை வென்றது, ஆகவே கிறிஸ்துமஸ் வாரத்து இறுதிச் சுற்று பெரும்பாலும் மெல்போர்ன், சிட்னி, அடிலெய்டு, பிரிஸ்பேனிலேயே நடந்தது. 1954ல் சிட்னியின் ஒயிட் சிட்டி மைதானத்தில் தற்காலிக மரக் காலரிகள் கட்டி ஒரே நாளில் 25,000க்கும் அதிகமானவர்களை உட்கார வைத்தார்கள். டிக்கெட் வசூல் சங்கத்துக்கு. ஆடியவர்களுக்கு ஒரு பங்கும் கிடையாது. கிரேமர் ஒரு வீரரைத் தூக்கிக்கொண்டு போனால் நஷ்டம் கோப்பையோடு நிற்காது, வசூலிலும் விழும்.

இதற்காக எந்த அளவுக்குப் போனார்கள் என்பதற்கு ஃபிராங்க் செட்ஜ்மனின் கதை. 1951ல் கிரேமர் அவரை அழைத்தார். ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கோப்பை அணித் தலைவர் ஹாரி ஹாப்மன் மெல்போர்ன் ஹெரால்ட் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். அந்தப் பத்திரிகை வழியாகவே மக்களிடம் நிதி திரட்டினார். செட்ஜ்மனின் கல்யாணப் பரிசு என்ற பெயரில் ஒரு பெட்ரோல் பங்க் வாங்கப்பட்டது. வீரர் பெயரில் வாங்கினால் விதிமீறல், ஆகவே மணப்பெண் ஜீன் பெயரில். செட்ஜ்மன் இன்னொரு வருடம் தங்கினார். அந்த 1952ல் விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் வென்றார், அமெரிக்கப் பட்டத்தையும் தக்கவைத்தார், கோப்பையையும் வென்று கொடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். 1953 சுற்றுப்பயணத்தில், அப்போது தானும் ஆடிக்கொண்டிருந்த கிரேமரிடம் 41–54 என்று தோற்றாலும், அவர் அந்த ஒரே வருடத்தில் சம்பாதித்தது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. எந்தப் பெட்ரோல் பங்கும் அதைக் கொடுத்திருக்காது.

கிரேமரின் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது

தொழில்முறை டென்னிஸ் என்றால் இன்று நம் மனதில் வரும் படம் வேறு. அன்று அது நான்கு பேர் கொண்ட ஒரு ஊர்சுற்றும் குழு. உலக சாம்பியன் ஒருவர், அவருக்கு எதிராகப் புதிதாக வந்த அமெச்சூர் சாம்பியன் ஒருவர். இவர்கள் இருவரும் ஊர் ஊராக எழுபது, எண்பது, நூறு ஆட்டங்கள் மோதுவார்கள். முன்னால் ஆடிக் காட்ட இன்னும் இரண்டு பேர். கூடைப்பந்து அரங்கம், பனிச்சறுக்கு மைதானம், பள்ளிக்கூட ஹால், எது கிடைக்கிறதோ அங்கே கான்வாஸ் துணியை விரித்து இழுத்துக் கட்டினால் அதுதான் கோர்ட். இரவு ஆட்டம் முடிந்ததும் கார். விடிய விடிய ஓட்டி அடுத்த ஊர். காயம் என்று சொல்லி லீவு எடுக்க முடியாது, டிக்கெட் ஏற்கெனவே விற்றிருக்கும்.

இதன் பொருளாதாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முடிவெடுப்பவர் மிகவும் கவனிக்க வேண்டியதும் அதுதான். கூட்டம் வருவது புதிய ஆளைப் பார்க்க. ஆகவே பெரிய உத்தரவாதத் தொகை புதிதாக வரும் அமெச்சூருக்கு. 1956ல் பாஞ்சோ கோன்சாலஸ் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர், டோனி டிராபர்ட் புதியவர். கோன்சாலஸ் டிராபர்ட்டை ஊர் ஊராக அடித்து நொறுக்கினார். டிராபர்ட்டுக்கு 80,000 டாலர் போனது, கோன்சாலஸுக்கு 15,000. தோற்ற புதியவரோ அடுத்த வருடம் முன்னால் ஆடிக் காட்டும் ஆளாகிவிடுவார், அவர் இடத்தில் இன்னொரு புதியவர். அதாவது ஒரு வீரரின் விலை அவர் கையெழுத்துப் போடும் அன்றுதான் உச்சம். அதற்குப் பிறகு இறக்கம், அவர் ஆட்டம் எவ்வளவு முன்னேறினாலும்.

இதிலிருந்து பிறப்பவைதான் நான்கு வழிகள். உடனே போவது. இன்னும் ஒரு பெரிய பட்டம் எடுத்து விலையை ஏற்றிக்கொண்டு போவது. எல்லாவற்றையும் வென்று முடித்துவிட்டுப் போவது. போகவே போகாமல் இருப்பது.

ஹோடின் வழி

ரோஸ்வால் போன ஆறாவது மாதம் ஹோடும் போனார். இடையில் 1957 விம்பிள்டன். இறுதி ஆட்டத்தில் ஆஷ்லி கூப்பரை 6–2, 6–1, 6–2 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். அன்று ஹோட் ஆடிய ஆட்டத்தைப் புல்தரையில் ஆடப்பட்ட மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக நேரில் பார்த்தவர்கள் பலகாலம் பேசினார்கள். உடனே கிரேமரின் ஒப்பந்தம். இரண்டு வருடத்துக்கு 1,25,000 டாலர், அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. பணக் கணக்கை மட்டும் பார்த்தால் நான்கு வழியில் இதுதான் கெட்டிக்காரத்தனம். ரோஸ்வாலிடம் இல்லாத விம்பிள்டன் பட்டம் இரண்டு, கையில். விலை உச்சத்தில்.

கிரேமர் இவரை உடனே கோன்சாலஸிடம் விடவில்லை. சில மாதம் மற்ற தொழில்முறை வீரர்களோடு ஆட விட்டுப் பழக்கினார். ரோஸ்வாலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர் போன சில வாரத்திலேயே கோன்சாலஸின் சர்வ் முன்னால் நிறுத்தப்பட்டார். 1958ல் ஹோடும் கோன்சாலஸும் மோதத் தொடங்கியபோது ஹோட் 18–9 என்று முன்னால் போனார். கோன்சாலஸை அந்த அளவுக்கு யாரும் தள்ளியதில்லை. அப்புறம் முதுகு. ஏற்கெனவே இருந்த வலி கார்ப் பயணத்திலும் தினசரி ஆட்டத்திலும் முற்றியது. முடிவில் 51–36 என்று கோன்சாலஸ் வென்றார். தான் முழுத் திறமையோடு ஆடினாலும் தன்னை வெல்லக்கூடிய ஒரே ஆள் ஹோட் என்று கோன்சாலஸே பின்னாளில் சொன்னார். ஆனால் அந்த ஹோடை உலகம் தொடர்ந்து பார்த்தது மிகக் குறைந்த காலம்தான். பிறகு ஸ்பெயினின் தென்கரையில் டென்னிஸ் பண்ணை ஒன்று நடத்தி அங்கேயே வாழ்ந்து 1994ல் இறந்தார்.

முதுகு இப்படி இருந்தவருக்கு அமெச்சூராகத் தங்கியிருந்தால் நல்லதாக இருந்திருக்குமா? சிலர் அப்படி வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலி அமெச்சூர் நாட்களிலேயே இருந்தது. நீண்ட நாள் ஓடாது என்று தெரிந்த உடம்புக்கு, இரண்டு வருடத்தில் பெரிய தொகை தரும் வழியே நியாயமான வழி. ஆறு மாதம் பொறுத்து விம்பிள்டனை எடுத்துக்கொண்டு போனதும் சரி. ஹோட் கணக்குத் தவறவில்லை, உடம்புதான் ஏமாற்றியது.

தங்கிவிட்டவர்கள்

நீல் ஃபிரேசர் 1959, 1960 அமெரிக்கப் பட்டங்களையும் 1960 விம்பிள்டனையும் வென்றவர். கிரேமர் கேட்டார், அவர் போகவில்லை. பிற்காலத்தில் 1970 முதல் 1993 வரை டேவிஸ் கோப்பை அணித் தலைவராக இருந்து நான்கு முறை கோப்பையை வென்று கொடுத்தார். நாட்டுக்காக ஆடுவதுதான் டென்னிஸ் என்று மனதார நம்பிய ஒருவருக்கு அது நிறைவான வாழ்க்கை. அதைப் பணத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல எதுவும் இல்லை.

எமர்சன் விஷயம்தான் விவாதத்துக்குரியது. குயின்ஸ்லாந்தின் பிளாக்பட் பக்கம் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், மாடு கறந்து வளர்ந்தவர். அன்றைய வீரர்களில் உடல்திறனுக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை. பிலிப் மோரிஸ் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை இருந்தது, குடும்பம் நடந்தது. 1961 முதல் 1967 வரை 12 ஒற்றையர் பட்டங்கள். டேவிஸ் கோப்பையை வென்ற அணியில் எட்டு முறை. இரட்டையரையும் சேர்த்தால் மொத்தம் 28 பெரிய பட்டங்கள். 12 என்ற அந்த எண்ணை 2000ல் பீட் சாம்ப்ராஸ் தாண்டும் வரை எந்த ஆணும் தாண்டவில்லை.

இந்த 12ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1961ல் வென்ற இரண்டும் இறுதியில் லேவரை வீழ்த்தி வாங்கியவை, அவற்றில் எந்தக் குறையும் இல்லை. 1962ல் லேவர் நான்கு பட்டத்தையும் அள்ளியபோது, மூன்று இறுதி ஆட்டங்களில் எதிரே நின்று தோற்றவர் எமர்சன். லேவர் போன பிறகு, 1963 முதல் 1967க்குள், மீதிப் பத்தும் வந்தன. அந்த ஐந்து வருடத்தில் லேவர், ரோஸ்வால், கோன்சாலஸ், ஆந்த்ரெஸ் ஹிமெனோ எல்லோரும் வேறு அரங்கத்தில் இருந்தார்கள். 1968ல் எல்லோருக்கும் கதவு திறந்தபோது எமர்சனுக்கு வயது 31. அதன் பிறகு ஒற்றையரில் ஒரு பெரிய பட்டமும் இல்லை. லேவரோடு சேர்ந்து இரட்டையரில் 1969 ஆஸ்திரேலியாவையும் 1971 விம்பிள்டனையும் வென்றார்.

இதைச் சொல்வது எமர்சனைக் குறைக்க இல்லை. அவருக்கு அந்த வழி பொருந்தியது என்று சொல்லத்தான். குழுவோடு இருப்பதில் அவருக்குச் சந்தோஷம், அணியில் இளையவர்களை வளர்ப்பதில் ஆர்வம், வருமானத்துக்கு நிலையான வேலை. உத்தரவாதத் தொகை குறைந்துகொண்டே வந்த அறுபதுகளின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்து அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? லேவரிடமும் ரோஸ்வாலிடமும் வாரம் மூன்று தோல்வி கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆட்டம் இன்னும் கூர்மையாகியிருக்கலாம். அதற்காக அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது மிக அதிகம்.

கூப்பர், மால் ஆண்டர்சன், மெர்வின் ரோஸ் மூவரும் 1959ல் சேர்ந்தே போனார்கள். 1958ல் மூன்று பெரிய பட்டங்களை வென்ற கூப்பரின் பெயரை இன்று டென்னிஸ் ரசிகர்களிலேயே பலர் கேட்டதில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் போனதில் மூவருக்கும் தனி வெளிச்சம் கிடைக்கவில்லை.

லேவரின் வழி

1962ல் நான்கு பட்டம், அதோடு டேவிஸ் கோப்பை. அமெச்சூர் டென்னிஸில் இனி வெல்ல ஒன்றும் பாக்கியில்லை என்ற நிலையில், 24 வயதில், மூன்று வருடத்துக்கு 1,10,000 டாலர் உத்தரவாதத்தோடு லேவர் போனார். தாளில் எழுதிப் பார்த்தால் இதுதான் மிகச் சிறந்த வழி. வரலாற்றில் பெயரும் நின்றது, விலையும் உச்சத்தில், வயதும் இருந்தது.

1963 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலேயே முதல் ஆட்டங்கள். ஹோடுக்கு அப்போது முதுகு பாழாகி, பாதி ஓய்வு பெற்ற நிலை. லேவர் வருகிறார் என்று தெரிந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தார். முதல் எட்டு ஆட்டமும் ஹோடுக்கு. ரோஸ்வாலோடு ஆடிய பதிமூன்றில் பதினொன்று ரோஸ்வாலுக்கு. நான்கு பெரிய பட்டங்களையும் கையில் வைத்திருந்தவர் சில வாரங்களிலேயே உலகத்தின் மூன்றாவது ஆளாகிவிட்டார். அமெச்சூர் பட்டங்களுக்கும் உண்மையான உச்சத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. லேவர் அங்கிருந்து எழுந்தார். ஒன்றிரண்டு வருடத்தில் ரோஸ்வாலை எட்டிப் பிடித்து, தாண்டினார். 1968ல் விம்பிள்டன் எல்லோருக்கும் திறந்தபோது முதல் பட்டம் அவருக்கு, பரிசு 2,000 பவுண்டு. 1969ல் மறுபடியும் நான்கு பட்டமும்.

ஆனால் லேவரின் வழி ஒன்றும் தனியாக நிற்கும் வழியில்லை. 1962 வாக்கில் கோன்சாலஸ் ஒதுங்கியிருந்தார், கிரேமர் ஏற்பாட்டிலிருந்து விலகியிருந்தார், குழு பணமில்லாமல் திணறியது. லேவருக்கான உத்தரவாதத்துக்கு ரோஸ்வாலும் ஹோடும் முதலான வீரர்களே பொறுப்பேற்றார்கள். 1963ல் ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்கத் தொழில்முறைப் பட்டத்தின் இறுதியில் ரோஸ்வால் லேவரை வென்றார். ஏற்பாட்டாளர்களிடம் காசில்லை, வென்றவருக்கும் பரிசு இல்லை, தோற்றவருக்கும் இல்லை. அந்த வருடங்களில் குழுவைக் கலையாமல் காத்தவர் ரோஸ்வால். அவர் 1956ல் போகாமலிருந்தால் லேவர் 1963ல் போய்ச் சேர ஒரு இடமே இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேவர் வெளியே இருந்தது ஐந்து வருடம், ரோஸ்வால் இருந்தது பதினொரு வருடம். இந்த வித்தியாசத்துக்கு லேவரின் புத்திசாலித்தனம் காரணமில்லை. 1960ல் பாரிஸில் சர்வதேசச் சங்கம் கூடி, எல்லோரும் ஆடும் திறந்த போட்டிகளை அனுமதிப்பதா என்று வாக்கெடுத்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்கு குறைந்தது. அந்த ஐந்து வாக்கு விழுந்திருந்தால் ரோஸ்வால் 26 வயதில் விம்பிள்டனுக்குத் திரும்பியிருப்பார். 1967 டிசம்பரில் பிரிட்டிஷ் சங்கம் தானாகவே முடிவெடுத்த பிறகுதான், 1968 மார்ச்சில் சர்வதேசச் சங்கமும் வழிக்கு வந்தது. 1956ல் கையெழுத்துப் போட்டவர் இதில் எதையும் கணக்குப் போட்டிருக்க முடியாது.

ரோஸ்வாலுக்கு ஏன் அது சரி

இழந்ததைச் சொல்லாமல் இதைச் சரி என்று சொல்வது நேர்மையில்லை. விம்பிள்டனை அவர் கடைசிவரை வெல்லவில்லை. 1954, 1956, 1970, 1974 என்று நான்கு முறை இறுதியில் தோற்றார். முதல் தோல்வியின்போது வயது 19, கடைசித் தோல்வியின்போது 39. நடுவில் அவர் உலகத்தில் யாருக்கும் பயப்படாமல் ஆடிய, இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் தொடக்கம் வரையான வருடங்கள் எதிலும் அந்தப் புல்லில் அவர் ஆடவில்லை. 1967 ஆகஸ்டில் எட்டுத் தொழில்முறை வீரர்களுக்கு மட்டும் விம்பிள்டன் நடத்திய தனிப் போட்டி ஒன்றே விதிவிலக்கு, அதன் இறுதியிலும் லேவரிடம் தோல்வி. ஒரு வருடம் பொறுத்து, ஹோடைப் போல 1957 விம்பிள்டனை ஆடிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஆனால் 1957ல் ஹோட் ஆடிய ஆட்டத்தை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அந்த ஹோடை ரோஸ்வால் புல்லில் வென்றிருப்பார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோற்றிருந்தால் விலை இறங்கியிருக்கும், அந்தக் குழுவுக்கு ஹோட்தான் போயிருப்பார்.

கிடைத்தது என்ன? முதல் வருடம் கோன்சாலஸிடம் 26–50. அடிதான். ஆனால் ரோஸ்வால் உயரம் ஐந்தடி ஏழங்குலம், சர்வ் எப்போதும் சாதாரணம். அந்த உடம்போடு வேகமான உள்ளரங்கத் தரையில் தினமும் கோன்சாலஸைச் சந்தித்தவர், வலைக்கு முன்னேறுவதையும் சர்வைத் திருப்பி எடுப்பதையும் வேறு தரத்துக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. கொண்டு போனார். பிரெஞ்சுத் தொழில்முறைப் பட்டம் 8 முறை, லண்டன் வெம்பிளி 5 முறை, அமெரிக்கத் தொழில்முறைப் பட்டம் 2 முறை. தொழில்முறையின் மூன்று பெரிய போட்டிகளில் மொத்தம் 15 பட்டங்கள், வேறு யாருக்கும் இல்லாத கணக்கு. விம்பிள்டன் பார்க்காத அந்த வருடங்களில் அதே லண்டனில், வெம்பிளி அரங்கில், உலகின் சிறந்த வீரர்களை அவர் வரிசையாக வென்றுகொண்டிருந்தார்.

அப்புறம் 1968. ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் நடந்த முதல் திறந்த போட்டியின் இறுதியில் லேவரை வென்றார். அடுத்த மாதம் தொடங்கிய முதல் திறந்த கிராண்ட் ஸ்லாமான பிரெஞ்சுப் போட்டியிலும் இறுதியில் லேவரை வென்றார். அப்போது வயது 33. 35 வயதில் அமெரிக்கப் பட்டம். 1971, 1972 ஆஸ்திரேலியப் பட்டங்கள். கடைசியாக வென்றபோது வயது 37, எதிரே நின்றவர் 1959ல் போன அதே மால் ஆண்டர்சன். திறந்த காலத்தில் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்ற ஆண்களில் வயதில் மூத்தவர் இன்றும் ரோஸ்வால்தான். 1971லும் 1972லும் டல்லாஸில் லேவரை வீழ்த்தி ஒவ்வொரு முறையும் 50,000 டாலர் பரிசு வாங்கினார். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பும் திரும்பியது: தொழில்முறை வீரர்களை டேவிஸ் கோப்பை ஏற்றுக்கொண்ட 1973ல் ஃபிரேசரின் அணியில் அவர் இருந்தார், கோப்பையும் வந்தது.

சிறிய உடம்பு, சிக்கனமான ஆட்டம், காயம் அதிகம் படாத கால்கள். இப்படிப்பட்டவருக்குப் பத்து வருட உயர்தர மோதல் ஒரு முதலீடு, அது முப்பதுக்கு மேல் பலன் தந்தது. ஹோடின் உடம்புக்கு அந்த முதலீடு கட்டுப்படியாகவில்லை. எமர்சனின் மனதுக்கு அது தேவைப்படவில்லை.

ஐந்தாவது கையெழுத்து

இதே கிரேமரின் ஒப்பந்தம் சென்னைக்கும் வந்தது. ராமநாதன் கிருஷ்ணனுக்கு அவர் சொன்ன தொகை மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர். மேலே பார்த்த ஹோட், லேவர் தொகைகளோடு வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரியது என்பது தெரியும். கிருஷ்ணன் 1960 விம்பிள்டன் அரையிறுதியில் ஃபிரேசரிடம் தோற்றார். 1961ல் கால் இறுதியில் எமர்சனை நேர் செட்களில் வென்று அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். அதாவது இந்தக் கட்டுரையின் ஆட்களோடு சமமாக ஆடியவர். ஒப்பந்தத்தை மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆட முடியாது.

ஆஸ்திரேலியர்களின் கணக்கை அப்படியே எடுத்து இவருக்குப் போட முடியாது. செட்ஜ்மன் போனதும் ஹாப்மன் கையில் ஹோடும் ரோஸ்வாலும் இருந்தார்கள். அவர்கள் இருவரும் போன 1957லேயே கூப்பரையும் ஆண்டர்சனையும் வைத்து ஆஸ்திரேலியா கோப்பையைத் தக்கவைத்தது. பிறகு ஃபிரேசர், லேவர், எமர்சன். லேவர் போனதும் எமர்சனோடு ஃபிரெட் ஸ்டோல், அப்புறம் நியூகோம்ப், ரோச். ஒருவர் போனால் நாட்டுக்கு ஒரு வருடச் சங்கடம், அவ்வளவுதான். இந்தியாவில் கிருஷ்ணனுக்குப் பின்னால் அப்படி ஒரு வரிசை கிடையாது. அவருக்குப் போவதன் விலை வேறு.

1966ல் அவரை முன்னிறுத்தி இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என்று வென்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப்–ரோச் ஜோடியைத் தோற்கடித்தது. 1959, 1960 வாக்கில் அவர் கிரேமரோடு போயிருந்தால் இந்தியா அந்த மைதானத்துக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன். ரோஸ்வாலின் கையெழுத்தைச் சரி என்று சொல்லும் நான், கிருஷ்ணன் கையெழுத்துப் போடாததையும் சரி என்றே சொல்வேன்.